தகாத வார்த்தை என்றால் இங்கே ஒன்றுமில்லை

1

இந்தக் குறிப்பில் ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை வருகிறது. ஃபக். முதலிலேயே எழுதிவிட்டேன். புள்ளி வைத்தும் நட்சத்திரம் போட்டும் மறைத்தால் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு நானே எதிராகிவிடுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், வருத்தமில்லை.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வளர்ந்தவள் நான். மின்னணுவியல் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தேன். வட இங்கிலாந்தில் உணவுப் பொட்டலம் போடும் ஆலை ஒன்றில் கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர். இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து மறுபடி ஓட வைப்பது என் வேலை. வந்து ஐந்து வருடம் முடிந்த அதே வாரத்தில் என்னை ஷிப்டின் பராமரிப்புப் பொறுப்பாளராக ஆக்கினார்கள். ஃபிட்டர்கள் அத்தனை பேரும் இனி என் கீழ். எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள்.

காலை ஷிப்ட் மாறும்போது பலகை முன்னால் நின்று பேசுவோம். அங்கேதான் மேனேஜர் அறிவித்தார். சிலர் கை தட்டினார்கள். டேவ் தட்டவில்லை. இருக்கிற ஃபிட்டர்களில் மூத்தவர், இதே பொறுப்புக்கு விண்ணப்பித்திருந்தவர். மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், பக்கத்தில் நின்றவரிடம் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஹூ டிட் ஷி ஃபக் டு கெட் தட்?"

யாரோடு படுத்து இதை வாங்கினாள் என்று அர்த்தம். மூன்று பேர் சிரித்தார்கள். மார்ட்டின் என்ற ஃபிட்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். என் கையில் அன்றைய வேலைப் பட்டியல் இருந்தது. இரண்டாவது லைனில் சென்சார் மாற்ற வேண்டும், நான்காவதில் பெல்ட் விலகுகிறது. குரல் மாறாமல் வாசித்து முடித்தேன். நிதானமான பெண் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அன்று அந்த நிதானத்தின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

2

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. சேர்ந்த புதிதில் ஆலையின் ஆங்கிலம் பிடிபடாமல், மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டே போனேன். மோட்டார் எரிந்தால் அந்த வார்த்தை. லாரி தாமதமானால் அதே வார்த்தை. உடம்பு அசந்தாலும், மழை பெய்தாலும், பிடித்த அணி கோல் போட்டாலும், கோல் வாங்கினாலும் அதே. 'போடா' என்பதற்கும் 'எனக்கென்ன' என்பதற்கும் 'நம்பவே முடியலையே' என்பதற்கும் அதே. 'ரொம்ப' என்று நாம் சொல்கிற இடத்தில் எல்லாம் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் பட்டியலை நிறுத்திவிட்டேன். எதற்குப் பயன்படாது என்று எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது.

இதற்காக வெள்ளைக்காரனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரியும். நம் ஆண்கள் மூன்றெழுத்து வார்த்தை ஒன்றைக் கால்புள்ளி மாதிரி வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் அதற்குள் யாரோ ஒருத்தருடைய அம்மா இருக்கிறாள். சொல்கிறவனும் கேட்கிறவனும் அவளைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் மட்டும் பார்க்கிறாள்.

புகார் கொடுப்பதற்கு முன்னால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். எந்தப் பழுதானாலும் வேர் வரை போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அரசர் அனுமதியோடு கூடுவது என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. கட்டுக்கதை. அறிந்தவர்கள் எளிமையாகச் சொல்கிறார்கள்: ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழைய சொல். டச்சிலும் ஸ்காண்டிநேவிய வட்டார வழக்குகளிலும் இதற்கு உறவுக்காரச் சொற்கள் இருக்கின்றன. அடிப்பது, உரசுவது, முன்னும் பின்னும் அசைவது போன்ற பொருள்கள். இதற்கு மேல் உறுதியாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் அதை எழுதவில்லை. கிடைக்கிற மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, துறவிகளைக் கிண்டல் செய்கிற ஒரு வரி. அதிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் அதற்கு அடுத்த எழுத்தைப் போட்டு, சங்கேதமாக மறைத்திருக்கிறார்கள். அகராதிகள் தலைமுறை தலைமுறையாக அதைச் சேர்க்காமல் தாண்டிப் போயிருக்கின்றன. அச்சிட்டவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம்மிடம் கலவி இருக்கிறது, கூடல் இருக்கிறது. புணர்ச்சியைப் பள்ளிப் பாடத்திலேயே வைத்திருக்கிறோம். தமிழம்மா அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது பின் பெஞ்சு சிரிக்கும், அவர் டஸ்டரால் மேசையைத் தட்டுவார். ஏட்டில் நமக்கு வெட்கமே இல்லை, எல்லா வெட்கமும் வாயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

படித்ததில் ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. ஐந்து வருடமாக நாள் முழுக்கக் காதில் விழுந்த அந்த வார்த்தையை, உடலுறவு என்ற அதன் சொந்த அர்த்தத்தில் ஒருவர்கூட இந்த ஆலையில் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவையாகச் சொன்னபோது என்னைப் பற்றிச் சொன்னார்கள்.

3

புகார் கொடுக்கக் கம்பெனிக்கு ஒரு இணையப் படிவம் உண்டு. நடந்ததை விவரிக்கவும் என்று ஒரு கட்டம். எழுதினேன்: எனக்குக் கிடைத்த பொறுப்பைப் பற்றி டேவ் எல்லார் முன்னிலையிலும் தகாத வார்த்தைகளால் என்னைத் திட்டினார். இதைத்தான் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன், திட்டினார் என்பதற்கு 'ஸ்கோல்டட்' என்று போட்டு. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கடுமையான வாக்கியம் அது என்று நினைத்தேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மா.

நான் பத்தாவது படித்தபோது பருத்திப்பட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா இல்லை. எஸ்டேட்டில் ஆயத்த ஆடை கம்பெனியில் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. வீட்டுக்காரருடைய மச்சான் ஒருவன் சாயங்காலம் ஆனால் கேட்டருகே நிற்பான். ஒருநாள் அம்மா உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமலே என்னை உட்காரச் சொல்லி, வெள்ளைத் தாளை முன்னால் வைத்தாள்.

"ஐயான்னு போடாத. மகளிர் ஸ்டேஷன். அம்மான்னு போடு."

"இன்னாம்மா சொன்னான்?"

"அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? தகாத வார்த்தைன்னு எழுது."

"எந்த வார்த்தைன்னு கேட்டாங்கன்னா?"

"கேக்க மாட்டாங்கோ. அவங்களும் பொம்பளைங்கதான்."

கேட்கவில்லை. உதவி ஆய்வாளர் தாளை ஒரு தடவை படித்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார். "அவன் பேர் இன்னா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளில் இருந்து அவன் கேட்டருகே நிற்கவில்லை.

நம்மூரில் இது ஒரு முறை. செய்தித்தாளில் வருவதும், மனுவில் எழுதுவதும், பஞ்சாயத்தில் சொல்வதும் இப்படித்தான். சொல்லாமல் விட்ட இடம்தான் புகாரிலேயே கனமான இடம். வாயால் சொல்ல முடியாத அளவுக்குப் பேசியிருக்கிறான் என்று கேட்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

இங்கே யாரும் நிரப்பிக்கொள்வதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

4

பதில் வந்தது. வேலைத்தளத்தில் கரடுமுரடான மொழி புழங்குவதைக் கம்பெனி அறியும், அதனால் எனக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறது, ஊழியர்கள் அனைவருக்கும் பொதுவாக நினைவூட்டப்படும். புகார் முடித்துவைக்கப்பட்டது. அந்த நினைவூட்டல் மறுநாள் டீ அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. மொழியில் கவனம் என்று எழுதி, பக்கத்தில் வாயில் விரல் வைத்த ஒரு மஞ்சள் பொம்மை முகம். அதற்குக் கீழே நின்றுதான் டேவ் டீ குடித்தார்.

மனிதவளப் பிரிவில் ஹெலன் என்பவரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"திட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள்," என்றார். "குழந்தையைத் திட்டுவது போலவா?"

"இல்லை. கெட்ட வார்த்தை."

"எந்த வார்த்தை?"

"எஃப் வார்த்தை," என்றேன்.

ஹெலன் அனுதாபமாகத் தலையாட்டினார். "இங்கே அது எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது, பாருங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், புரிகிறது."

நான் ஏதோ மென்மையான ஊரிலிருந்து வந்த மென்மையான பெண், வார்த்தை காதில் பட்டுக் காயமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மேல்முறையீடு செய்யலாம், இரண்டு வாரத்துக்குள், நேரில் வந்து நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும் என்றார்.

அதற்குள் ஷிப்டில் கதை ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு பாகம் வாங்க ஒப்புதல் வேண்டியிருந்தது. மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு இளைய ஃபிட்டரிடம் சொன்னேன். "நீங்களே கேளுங்களேன், உங்களுக்கு மாட்டேன் என்று சொல்வாரா?" என்றான். பின்னால் ஒரு சிரிப்பு. என் வேலையில், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டேன், கையை விடலாம் என்று நான் சொன்னால் ஒருவன் இயந்திரத்துக்குள் கையை விட வேண்டும். இவளுக்கு வேலை தெரியும் என்று அவன் நம்பினால்தான் அது நடக்கும். டேவ் சொன்ன வாக்கியம் அந்த நம்பிக்கையைத்தான் அரித்துக்கொண்டிருந்தது. பேசியது என்ன என்று கம்பெனி சொல்லி, அது பொய் என்றும் சொன்னால் ஒழிய அது நிற்காது.

ஞாயிறு காலை அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா தேவி நூம்பலில் இருக்கிறாள். அம்மாவும் இப்போது அவளோடுதான்.

"இன்னாடி, கொரலே ஒரு மாரி கீது?"

எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு.

"இப்ப இன்னா, அத்த ஒரு வாட்டி வாயால சொல்லணும். அவ்ளோதான? எங்கிட்ட சொல்லு. சொல்லிப் பழகிக்கோ."

சொன்னேன், ஆங்கிலத்தில். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"இவ்ளோதானா?" என்றாள் அக்கா. "எம் பொண்ணு போன்ல ஃப்ரெண்டுங்க கூட பேசிகினு இருக்கும்போது இத்த பத்து வாட்டி சொல்றா. ஏய் நிஷா, உங்க சித்தி கெட்ட வார்த்த கத்துகினாடி!"

காலேஜ் படிக்கிற நிஷாவின் குரல் தூரத்தில் கேட்டது. "அது கெட்ட வார்த்தயே இல்ல சித்தி! சும்மா இங்கிலீஷ்!"

எனக்குச் சுருக்கென்றது. "இரு, தமிழ்ல சொல்றேன், கேளு," என்றேன். 'படுத்து' என்று போடாமல், எங்கள் தெருவில் ஆண்கள் சண்டையில் சொல்கிற அந்த வினையைப் போட்டு, என் பெயரையும் சேர்த்து, முழு வாக்கியமாகச் சொன்னேன்.

பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது.

"எவன்டி அவன்?" என்றாள் அக்கா கடைசியில். குரல் மாறியிருந்தது. "அவன் ஊட்ல பொம்பளைங்களே இல்லியா? செருப்பு பிஞ்சிரும்னு சொல்லக் கூடாதா நீ?"

"இன்னாவாம்?" அம்மாவின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல எவனோ தப்பா பேசிட்டானாம்."

அந்த ஒரு 'தப்பா' போதுமாக இருந்தது. அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"எல்லார் எதிர்லயுமா?"

"ஆமாம்மா."

"எய்திக் குட்தியா?"

"குடுத்தேன். தகாத வார்த்தைன்னு போட்டேன். அவங்களுக்குப் புரியல."

"நெஜமாவே புரியலியா? இல்ல, புரியாத மாரி கீறாங்களா?"

இந்தக் கேள்வியை ஹெலனிடம் கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். தைரியம்தான் வரவில்லை.

5

மேல்முறையீட்டு விசாரணைக்குச் சாட்சியாக வர முடியுமா என்று மார்ட்டினிடம் கேட்டேன். பூட்ஸைப் பார்த்தவர். "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இயந்திரச் சத்தம்," என்றார். இயந்திரங்கள் அப்போது ஓடவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் லைன் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தனியாகப் போனேன். பக்கத்து ஊர் ஆலையின் மேலாளர் தலைமை. ஹெலன், குறிப்பெடுக்க ஒரு பெண், எதிரே டேவும் அவருடைய தொழிற்சங்கப் பிரதிநிதியும். தலைமை வகித்தவர் உள்ளே வரும்போதே வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பொருமிக்கொண்டு வந்தார். அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் தகுதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். நிறுவிக் கொடுத்த லைன்கள், குறைத்த நிறுத்தங்கள், எழுதிய தேர்வுகள். யாரும் கேட்கவில்லை. "அவர் சொன்னது என்ன?" என்று மட்டும் கேட்டார்கள்.

சொன்னேன். ஏழு சொற்கள்தான். முகம் சிவக்காமல், தணிக்காமல், வேலைப் பட்டியல் வாசிக்கிற குரலில்.

அறை சட்டென்று மாறியது. தலைமையின் கழுத்து சிவந்தது. "சரி, சரி, சாரம் புரிந்துவிட்டது," என்று கையை உயர்த்தினார். குறிப்பெடுத்த பெண்ணின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. சற்று முன்னால் அவருடைய இதே வாயிலிருந்து, இதே அறையில், வண்டி நிறுத்துமிடத்துக்காக வந்த வார்த்தைதான். இப்போது அது என்ன சொல்கிறதோ அதைச் சொல்கிறது என்றதும் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

"இதை எழுதிக்கொள்ளுங்கள்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

சொன்னீர்களா என்று டேவிடம் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. "சொன்னேன். எல்லாரும் நினைத்ததைத்தான் சொன்னேன்," என்றார். அவருடைய பிரதிநிதி அவர் முழங்கையைத் தொட்டார். அவர் நிறுத்திக்கொண்டார்.

மறுத்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

6

போன வாரம் தீர்ப்புக் கடிதம் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. டேவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை, வேறு ஷிப்டுக்கு மாற்றம். காரணம் என்ற இடத்தில்: பதவி நியமனம் தொடர்பாகத் தெரிவித்த பொருத்தமற்ற கருத்து.

இரண்டு தடவை படித்தேன். பிறகு ஒரு ஃபிட்டர் படித்தால் எப்படி இருக்கும் என்று படித்துப் பார்த்தேன். எனக்கு அனுபவம் போதாது என்று டேவ் சொன்னார், அதற்காக அவரை மாற்றிவிட்டேன். அந்தக் கடிதத்திலிருந்து கிடைக்கிற கதை அதுதான்.

"ஜெயித்துவிட்டீர்கள், விடுங்கள்," என்றார் மேனேஜர். அவர் பெயரும் அந்த வாக்கியத்துக்குள் மறைந்து நிற்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹெலன் இன்னும் அன்பாகச் சொன்னார். "உங்களைப் பாதுகாக்கத்தான். அப்படி ஒரு வாக்கியம் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கோப்பில் நிரந்தரமாக இருப்பதை விரும்புவீர்களா?"

ஒரு கணம் சரி என்று சொல்லப் பார்த்தேன். என்னை வளர்த்த விதம் முழுக்க அந்தக் கேள்விக்குத் தலையாட்டியது.

"அது ஏற்கனவே என் பெயருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது," என்றேன். "கோப்பில் மட்டும்தான் இல்லை."

எழுத்தில் கேளுங்கள் என்றார். அன்று மதியமே மின்னஞ்சல் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் டேவ் ஒப்புக்கொண்ட வாக்கியத்தை மேற்கோளாகச் சேர்க்க வேண்டும், அதில் உண்மை இல்லை என்று கம்பெனி ஒரு வரி எழுத வேண்டும். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது: ஏற்கத்தகாத மொழி இருப்பதால் உங்கள் அஞ்சல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. கணினிப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, என்னதான் எழுதித் தொலைத்தீர்கள் என்று கேட்டான், அதே வார்த்தையைப் போட்டு.

அச்செடுத்தேன், இரண்டு பிரதி. மனிதவளப் பிரிவுக்கு நடந்து போய் ஒன்றை ஹெலனிடம் கொடுத்தேன். மற்றதை அவர் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தேன்.

"இது எதற்கு?"

"பெற்றுக்கொண்டதாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து."

"இங்கே அப்படி வழக்கமில்லையே."

"ஆவடி தாலுகா ஆபீஸில் வழக்கம்," என்றேன். "அது இல்லாமல் மனு கொடுத்ததாகவே கணக்கில்லை."

அவருக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திருத்துவார்களா என்று எனக்குத் தெரியாது. மேலே கேட்க வேண்டும், சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் நின்றுகொண்டிருந்தேன். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்த்துத்தானே ஆக வேண்டும், கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன, ஒவ்வொரு சொல்லாக. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மகளிர் ஸ்டேஷனுக்குப் பிறகு ஒரு அலுவலகத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு பேனாவை எடுத்து, அந்த வாக்கியத்துக்கு நேர் கீழே, பெற்றுக்கொண்டேன் என்று எழுதினார்.